‘கேட்டால் யோசனை கொடுத்த மாதிரி ஆகிவிடாதா?’

கேள்வி: டாக்டர் ஐயா, ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனியில பதினோரு வருஷமா ஸ்டிச்சிங்ல இருக்கேன். எங்க வீட்டுக்காரர் வேற கம்பெனியில கட்டிங்ல இருந்தார். ஆர்டர் இல்லைன்னு ஆளைக் குறைச்சப்போ அவரையும் நிறுத்திட்டாங்க. ரெண்டு மாசம் அங்க இங்க வேலை தேடினார். அப்புறம் தேடறதையே விட்டுட்டார். விடிகாலை மூணு மணிக்கு முழிச்சு உட்கார்ந்துக்கறார். முதுகு வலி, நெஞ்செரிச்சல், தலை பாரம்னு தினமும் ஒண்ணு சொல்றார். ஸ்கேன், ஈசிஜி எல்லாம் எடுத்தாச்சு, ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. ஞாயித்துக்கிழமை பிரியாணின்னா முதல் ஆளா தட்டை எடுத்துட்டு வர்ற மனுஷன், இப்ப ரெண்டு வாயோட எழுந்துடறார்.

பத்து நாளைக்கு முன்னாடி, “நான் இல்லைன்னா உங்களுக்கெல்லாம் பாரம் குறையும்”னார். எனக்கு உடம்பே ஆடிப்போச்சு. கொழுந்தனார்கிட்ட சொன்னா, “சொல்றவன் செய்யமாட்டான் அண்ணி, செய்யறவன் சொல்லமாட்டான்”ங்கறார். மாமியார் செய்வினைன்னு சொல்லி தர்காவுக்கும் கூட்டிட்டுப் போனாங்க, மாரியம்மன் கோயில்லயும் மந்திரிச்சாங்க. நேரா அவர்கிட்டயே கேட்டுடலாமான்னு வாய் வரைக்கும் வருது. கேட்டா நாமே யோசனை கொடுத்த மாதிரி ஆயிடுமோன்னு பயம். மனநல டாக்டர்கிட்ட போனா ஆயுசுக்கும் மாத்திரை, ஊர்ல பைத்தியம்னு பேரு, ஏதாவது ஆச்சுன்னா போலீஸ் கேஸுன்னு ஆளாளுக்குப் பயமுறுத்தறாங்க. குழு லோன்காரங்க வேற வாசல்லயே உட்கார்ந்துடறாங்க. நான் என்ன செய்யட்டும்? பெரிய பொண்ணு பிளஸ் டூ படிக்கறா. அவளும் இப்பல்லாம் அதிகம் பேசறதில்லை.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஆம்பூர்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

கேளுங்கள். இன்று இரவே கேளுங்கள். இந்தப் பதிலின் மிச்சத்தை நாளைக்குக்கூடப் படித்துக்கொள்ளலாம்.

நீங்கள் கேட்பதால் அவருக்குப் புதிதாக ஒரு எண்ணம் முளைக்காது. அந்த எண்ணம் ஏற்கெனவே வந்துவிட்டதால்தான் ‘பாரம் குறையும்’ என்ற சொல் வெளியே வந்திருக்கிறது. இதுபற்றிப் பல நாடுகளில் ஆய்வு செய்துவிட்டார்கள். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று கேட்கப்பட்டவர்களுக்கு, கேட்கப்படாதவர்களைவிட அந்த எண்ணம் கூடவில்லை. சிலருக்குக் குறையவும் செய்தது. மாதக்கணக்கில் தனியாகச் சுமந்ததை ஒருவர் பெயர் சொல்லிக் கேட்டுவிட்டாரே என்கிற ஆறுதல்தான்.

ஆனால் எப்படிக் கேட்கிறோம் என்பதில் தமிழில் ஒரு சிக்கல் இருக்கிறது. “அப்படியெல்லாம் ஒண்ணும் நினைக்கலையே?”, “ஏடாகூடமா எதுவும் செஞ்சுக்க மாட்டீங்கல்ல?” என்றுதான் நம் வாயில் வரும். கேள்விக்குள்ளேயே ‘இல்லை’ என்ற பதிலைப் பொதிந்து நீட்டுகிறோம். எதிரே இருப்பவரும் நம் நிம்மதிக்காக அதையே திருப்பித் தந்துவிடுவார். அப்படி வேண்டாம். பிள்ளைகள் தூங்கியபின் பக்கத்தில் உட்கார்ந்து, “அன்னிக்கு நான் இல்லைன்னா பாரம் குறையும்னு சொன்னீங்களே, உயிரை விட்டுடலாம்னு நினைப்பு வருதா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்த மௌனம் நீளும். நிரப்பப் பார்க்காதீர்கள்.

“ஆமாம்” என்று சொன்னால் அழுதுவிடத் தோன்றும். அழுங்கள், தப்பில்லை. ஆனால் பிள்ளைகள் தலைமேல் அடித்துச் சத்தியம் வாங்காதீர்கள். சத்தியம் வாங்கியபின் அவர் அடுத்த முறை உங்களிடம் சொல்லமாட்டார், அவ்வளவுதான் அதன் பலன். “எத்தனை நாளா? அடிக்கடி வருதா? எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கீங்களா?” என்று மேலும் கேளுங்கள். வழியும் நேரமும் யோசித்து வைத்திருக்கிறார் என்றால் அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். 108ஐ அழைக்கலாம், இதுவும் மாரடைப்பு மாதிரி அவசரம்தான். அத்தனை தூரம் இல்லை என்றாலும் ஆபத்தான பொருட்களை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். மாத்திரைகள் உங்கள் கையில் இருக்கட்டும், வேளைக்கு வேளை நீங்களே எடுத்துக் கொடுங்கள்.

கொழுந்தனாருக்கு வருவோம். குரைக்கிற நாய் கடிக்காது என்ற கணக்கை மனிதனுக்குப் போட்டுவிட்டார். தற்கொலையால் இறந்தவர்களின் வீட்டுக்குப் போய்ப் பேசினால் பெரும்பாலும் யாரோ ஒருவர், “இப்ப யோசிச்சுப் பார்த்தா சொல்லித்தான் இருக்கார்” என்பார். நேராகச் சொல்லியிருக்க மாட்டார்கள். ‘எங்கயாவது போயிடறேன்’, ‘இனி என்னால தொந்தரவு இருக்காது’ என்றிருப்பார்கள். பேச்சே இல்லாமல் கடன் நோட்டை எடுத்துக் கணக்கு முடித்து வைத்திருப்பார்கள். நம் ஊரில் கொசு கடித்தால்கூட ‘செத்துடலாம் போல இருக்கு’ என்று சொல்கிற பழக்கம் இருக்கிறது, உண்மைதான். அதற்கெல்லாம் ஆம்புலன்ஸ் கூப்பிட முடியாது. முன்பு இப்படிப் பேசாதவர் இப்போது பேசுகிறாரா, பேச்சோடு தூக்கமும் சாப்பாடும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் வீட்டுக்காரரிடம் மூன்றுமே மாறியிருக்கின்றன.

அந்த முதுகு வலியையும் நெஞ்செரிச்சலையும் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும்.

நாளிதழ்களின் மாவட்டச் செய்தியில் தலைமுறை தலைமுறையாக ஒரு வரி வருகிறது: ‘தீராத வயிற்று வலியால்.’ காவல் நிலையத்தில் குடும்பத்தார் சொல்வார்கள், எழுத்தர் எழுதுவார், நிருபர் அப்படியே அனுப்புவார். கடனோ காதலோ வரதட்சணையோ, எதையோ மறைக்கப் போட்ட போர்வை இது என்று நாமும் நக்கலாகச் சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புவோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

உங்களுக்குப் பக்கத்திலேயே, வேலூரை அடுத்த கணியம்பாடி ஒன்றியத்தில், சி.எம்.சி. மருத்துவமனையின் சமூக சுகாதாரத் துறை பல ஆண்டுகளாக ஊர் ஊராக ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் பதிந்துவருகிறது. யாராவது இறந்தால் அந்த ஊர்ச் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே போய் உட்கார்ந்து விசாரிப்பார். அவர் போலீஸ் இல்லை, தெரிந்த முகம். அதனால் உண்மை வெளியே வந்தது. 1994 முதல் 1999 வரையிலான அந்தக் கணக்கு 2003இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியானது: ஆண்டுக்கு லட்சம் பேரில் 95 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். அப்போது போலீஸ் பதிவுகளை வைத்துச் சொல்லப்பட்ட தேசிய சராசரியைப்போல ஒன்பது, பத்து மடங்கு. கணியம்பாடி ஏதோ சபிக்கப்பட்ட ஊர் என்று இதற்கு அர்த்தமில்லை. மற்ற இடங்களில் யாரும் இப்படி வீடு தேடிப் போய்க் கேட்கவில்லை.

அதே வேலூர் வட்டாரத்தில் அடுத்து ஒரு கேள்வி கேட்டார்கள். தற்கொலையால் இறந்த 100 பேரின் வாழ்க்கையை, அதே ஊரில் உயிரோடு இருக்கும் மற்றவர்களின் வாழ்க்கையோடு ஒப்பிட்டார்கள். 2010இல் வந்த அந்த முடிவில் இரண்டு செய்திகளைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒன்று, நாள்பட்ட உடல் வலி இருப்பவர்களுக்கு ஆபத்து உண்மையிலேயே அதிகம். ‘தீராத வயிற்று வலி’ எல்லா நேரமும் போர்வை அல்ல. இரண்டாவது, இறந்தவர்களில் மனநோய் என்று பெயர் சொல்லக்கூடிய நிலையில் இருந்தவர்கள் 37 சதவீதம்தான். மேற்கத்திய ஆய்வுகளில் இது தொண்ணூறை ஒட்டி இருக்கும். இங்கே மிச்சப் பேருக்கு இருந்தது விடாத நெருக்கடி, தனிமை, அண்மையில் முறிந்த ஓர் உறவு. மனநோய் இருந்தவர்களிலும் முதலிடம் குடிநோய்க்கு, 16 சதவீதம். ஆகவே, “ரெண்டு கட்டிங் போட்டா தூங்கிடுவார், விடு” என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். குடி அந்த நேரத்துக்குத் தூக்கம் தரும், விடிகாலையில் இன்னும் மோசமாக எழுப்பிவிடும். நிதானத்தைத் தளர்த்தி, நினைப்புக்கும் செயலுக்கும் நடுவே இருக்கும் தடுப்பையும் எடுத்துவிடும்.

இதிலிருந்து உங்களுக்கு என்ன? ‘இது வெறும் பணக்கஷ்டம், வேலை கிடைத்தால் சரியாகிவிடும்’ என்பதும் அரைப் பொய். ‘இது வெறும் வியாதி, மாத்திரை போட்டால் சரியாகிவிடும்’ என்பதும் அரைப் பொய். என் தொழில்காரர்கள் இரண்டாவதைச் சொல்லித் தப்பித்துக்கொள்வது உண்டு. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை கம்பெனிகளில் எத்தனை வீட்டு அடுப்புக்கு அது வந்து சேரும் என்று வாஷிங்டனில் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. அதற்கு என்னிடம் மாத்திரை இல்லை. ஆனால் தூக்கம் போய், பசி போய், எதிலும் பிடிப்பில்லாமல், ‘நான் பாரம்’ என்ற நினைப்போடு இரண்டு வாரத்துக்கு மேல் ஒருவர் இருந்தால் அது மனச்சோர்வு நோய். அதற்குச் சிகிச்சை இருக்கிறது. (பத்திரிகைகளில் ‘மன அழுத்தம்’ என்றே எல்லாவற்றையும் எழுதுகிறோம். ஷிப்மென்ட் தேதி நெருங்கும்போது சூப்பர்வைசருக்கு வருவது அழுத்தம். உங்கள் கணவருக்கு இருப்பது சோர்வு. ஒரே சொல்லில் இரண்டையும் அடைத்ததால், ‘எனக்கும்தான் டென்ஷன், நான் என்ன படுத்தா கிடக்கேன்?’ என்று கேட்கிறவர்கள் பெருகிவிட்டார்கள்.)

வலி விஷயத்தில் இன்னொன்று. ‘ஸ்கேனில் ஒன்றும் இல்லை’ என்றால் வலியே இல்லை, நடிக்கிறார் என்று பொருளில்லை. மனநிலையைக் கவனிக்கும் அதே செரட்டோனின், நார்எபிநெப்ரின் ரசாயனங்கள்தான் வலியை மட்டுப்படுத்தும் நரம்புகளிலும் வேலை செய்கின்றன. இவை தளர்ந்தால் வருஷக்கணக்கில் நின்றுகொண்டே தோல் வெட்டிய முதுகு, இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த வலியையெல்லாம் ஒன்றாகக் காட்டும். ‘மனசு சரியில்லை’ என்று சொல்ல நம் ஆண்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. முதுகு வலி என்று சொல்வதற்கு மட்டும் அனுமதி உண்டு. அப்படியே தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். இவையும் சோர்வைக் கொண்டுவரும்.

ஆயுசுக்கும் மாத்திரையா? இந்தப் பயம் இரண்டு வகை மாத்திரைகளைக் குழப்பிக்கொள்வதால் வருவது. மெடிக்கல் ஷாப்பில் பழைய சீட்டைக் காட்டி வாங்கித் தின்கிற தூக்க மாத்திரைகள் பழக்கமாகக்கூடியவை, உண்மை. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் அப்படி அல்ல. அவை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், சிலருக்கு ஆறு. ‘பத்து நாள் போட்டேன், ஒண்ணும் கேக்கலை’ என்று நிறுத்துபவர்கள்தான் அதிகம். முதல் முறை வந்த நோய் என்றால், குணமானபின் ஆறிலிருந்து ஒன்பது மாதம் தொடர்ந்து, பிறகு டாக்டர் சொல்படி படிப்படியாகக் குறைத்து நிறுத்தலாம். ஆரம்ப வாரங்களில் ஒரு எச்சரிக்கை: உடம்புக்குத் தெம்பு முதலில் வரும், மனசுக்கு நம்பிக்கை பின்னால்தான் வரும். அந்த இடைவெளியில் கண் அகலாமல் இருங்கள். அழுதுகொண்டே இருந்தவர் காரணமில்லாமல் திடீரென்று அமைதியாகிவிட்டால் ‘அப்பாடா’ என்று விட்டுவிடாமல் மறுபடி கேளுங்கள்.

மாமியாரோடு சண்டை வேண்டாம். தர்காவுக்குப் போவது அவருக்கும் உங்கள் கணவருக்கும் ஆறுதல் தந்தால் போகட்டும். ஆனால் 2001 ஆகஸ்ட் 6 அன்று, தர்காவை நம்பி மனநோயாளிகளைக் கொண்டுவிடும் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் 28 பேர் தீயில் இறந்தார்கள். குற்றம் பிரார்த்தனையில் இல்லை, சிகிச்சையை மறுத்துக் கட்டிப்போட்டதில்தான். அதே ஏர்வாடியில் பின்னர் அரசு மருத்துவரும் வந்து உட்கார்ந்து, தவாவும் (மருந்து) துவாவும் (பிரார்த்தனை) சேர்ந்து நடக்க ஏற்பாடு ஆனது. “ஓதிக்கறதும் இருக்கட்டும் அத்தை, டாக்டரையும் பார்ப்போம்” என்று சொல்லிப் பாருங்கள். செய்வினையை அவரிடம் வாதாடித் தோற்கடிக்கத் தேவையில்லை.

‘பைத்தியம்’ பட்டத்துக்கு வருகிறேன். சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் மாதிரி நம் பக்கத்தில் பாகாயம் என்றாலே ஒரு கேலி. அந்தப் பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையம் 1957இல் தொடங்கியதிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறது: சிகிச்சைக்கு வருபவரோடு வீட்டு ஆள் ஒருவரும் கூடத் தங்க வேண்டும். நோயாளியைக் கம்பிக்குள் தள்ளிவிட்டுக் குடும்பம் ஊர் திரும்பிய காலத்தில் தொடங்கிய ஏற்பாடு அது. கேலி செய்கிறவர்களுக்கு இது தெரியாது. உங்கள் கணவருக்கு அங்கே தங்கும் அவசியம்கூட வராமல் போகலாம். திருப்பத்தூர் அரசு தலைமை மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தில் மருத்துவரும் மாத்திரையும் இலவசம். ஆம்பூர் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் எந்தக் கிழமை வருவார் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அவருக்கு வேலை போனாலும் உங்களுக்கு இ.எஸ்.ஐ. இருந்தால் அந்தக் கார்டிலேயே கணவருக்கும் வைத்தியம் உண்டு. இது தெரியாமல் கைக்காசைச் செலவழிப்பவர்கள் நிறையப் பேர்.

போலீஸ் கேஸ் பயம் பழைய சட்டத்தின் நிழல். தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டித்த பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. அரசு ஊழியரை மிரட்டிப் பணியவைக்கத் தற்கொலைக்கு முயன்றால் மட்டும் குற்றம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயன்றவரைக் கடும் மன நெருக்கடியில் இருந்தவராகவே கருத வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது. மருத்துவமனையில் போலீசுக்குத் தகவல் போகலாம், விசாரிக்க வரலாம். அதற்குப் பயந்து உண்மையை மறைத்துச் சிகிச்சையைத் தாமதிக்க வேண்டாம்.

குழு லோன்காரர்களுக்கு: ரிசர்வ் வங்கி விதிப்படி காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் அவர்கள் வசூலுக்கு வரக் கூடாது. கடன் வசூலில் மிரட்டுவதைச் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கித் தமிழ்நாடு அரசு 2025இல் தனிச் சட்டமே போட்டிருக்கிறது. வாசலில் உட்கார்ந்தால் இதைச் சொல்லுங்கள். அவர்கள் பேச்சை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள், சில வாரங்களுக்கு அவர் காதுக்குப் போக வேண்டாம்.

‘போகணும்னு முடிவு பண்ணிட்டா பிரம்மனாலும் தடுக்க முடியாது’ என்று உங்களிடம் யாராவது சொல்லாமல் இருக்கமாட்டார்கள். இலங்கையைப் பார்க்கச் சொல்லுங்கள். 1995இல் அங்கே லட்சத்துக்கு 47 பேர், உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடை செய்தார்கள். போர் 2009 வரை ஓயவில்லை, வறுமை ஒழிந்துவிடவில்லை. ஆனாலும் அடுத்த இருபது ஆண்டுகளில் விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் சரிந்தது. அரசாணைக்குக் கட்டுப்படுகிற ஒன்றுக்கு விதி என்று பெயரில்லை. சாக வேண்டும் என்ற வெறி பெரும்பாலோருக்குச் சில நிமிடம், சில மணி நேரம்தான் உச்சத்தில் நிற்கும். அந்த நேரத்தில் கைக்கு எதுவும் எட்டாமல், பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால் தாண்டிவிடுகிறார்கள். தாண்டியவர்களில் மிகப் பெரும்பாலோர் பிறகு தற்கொலையால் இறப்பதில்லை.

உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு வருகிறேன். மகளைப்பற்றிப் போகிற போக்கில் இரண்டு வாக்கியம் எழுதியிருக்கிறீர்கள். வேலை போன ஆண்மேல் ஊர்க் கண் முழுக்க இருக்கும்போது அந்த வீட்டுப் பெண்பிள்ளை மறைந்துவிடுகிறாள். கணியம்பாடிப் பதிவேட்டில் 1992 முதல் 2001 வரை 10 முதல் 19 வயதுக்காரர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தார்கள். லட்சத்துக்குப் பையன்கள் 58, பெண்கள் 148. கால் நூற்றாண்டுக்கு முந்தைய கணக்குதான். அந்த வயதில் இறந்த பெண்களில் பாதிக்குமேல் தற்கொலையால் இறந்தவர்கள் என்பதைப் படித்த நாளில் நான் வேறெதையும் படிக்கவில்லை. உங்கள் மகளுக்கு அப்படி எதுவும் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பரீட்சை பயமாக இருக்கலாம், அப்பாவைப் பார்த்துப் பார்த்து வந்த வாட்டமாக இருக்கலாம். அவளிடமும் கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன். அப்பாவுக்கு இருப்பது ஒரு நோய், வைத்தியம் பார்க்கிறோம் என்று அவளுக்குச் சொல்லிவிடுங்கள். பிள்ளைகளுக்குத் தெரியாமல் வைத்திருக்கிறோம் என்று பெரியவர்கள் நினைப்பது பெரும்பாலும் பெரியவர்களுக்கு மட்டுமே ரகசியம். பரீட்சையில் தவறினாலும் உடனடித் துணைத்தேர்வு உண்டு, ஆண்டு வீணாகாது என்பதை முடிவு வருவதற்கு முன்பே சொல்லி வையுங்கள்.

இரவில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416, மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். தமிழில் பேசலாம், எந்த நேரமும், கட்டணமில்லை. தமிழக அரசின் 104 இருக்கிறது. சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய சிநேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. உங்கள் கணவர் மட்டுமல்ல, நீங்களும் பேசலாம். காலையில் ஸ்டிச்சிங், மாலையில் லோன்காரர், இரவில் விழித்திருக்கும் கணவர் என்று ஓடுகிற உங்களிடம் ‘நீ எப்படி இருக்கே?’ என்று கேட்டதாக அந்தக் கடிதத்தில் ஒருவரும் இல்லை.

கடிதத்தில் முகவரி இல்லை. கேட்டுவிட்டு, அவர் என்ன சொன்னார் என்று ஒரு கார்டு போடுங்கள்.